நின்ற செயலியும் நிற்காத கணக்கும்

கைப்பேசியில் வாட்ஸ்அப் அசைவற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே விடை வரும். மூடிவிட்டுத் திறவுங்கள்; சரியாகவில்லையெனில் அமைப்புகளுக்குள் சென்று செயலியைக் கட்டாயமாக நிறுத்திவிட்டுத் திறவுங்கள்; அதற்கும் மசியவில்லையா, கைப்பேசியையே அணைத்து மீண்டும் உயிர்ப்பியுங்கள் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கைதேர்ந்த வைத்தியரைப் போலச் சொல்லும் இந்த மருந்தை வாங்கி உண்ணாத பெரியவர்கள் இன்று நம்மிடையே குறைவு. இத்துணை எளிய காரியத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றில் ஒரு பெருநாளையொட்டி நடந்ததைக் கண்ட பிறகுதான், மீண்டும் தொடங்குதல் என்றால் என்ன என்ற கேள்வி நம்மை விடாமல் பற்றிக்கொண்டது.

குடும்பத்தின் பெயர் வேண்டாம்; கடற்கரை ஊர் ஒன்று என்பது போதும். அண்ணன் ஊரில் இருக்கிறார். தம்பிக்கு ஷார்ஜாவில் வேலை. இருவருக்கும் நடுவே ஒரு சகோதரி. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வாப்பாவும் உம்மாவும் மறைந்தபின் அவர்கள் விட்டுச் சென்ற கடையின் வாடகையை அண்ணனே வாங்கி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்கு என்று எதுவும் சொல்லவில்லை. தம்பி கேட்டார். கேட்ட முறை தகாது என்று அண்ணன் சினந்தார். பேச்சு நின்றது.

நோன்புப் பெருநாள் காலையில் தம்பியின் மனம் இளகியது. வளைகுடாவில் நமக்கு ஒரு நாள் முன்னதாகவே பிறை கண்டுவிட்டார்கள். ஊரில் இன்னும் நோன்பு. தொழுகை முடித்து அறைக்குத் திரும்பியதும் சலாம் சொல்லி, "காக்கா, நான் பேசியது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பினார். ஒற்றைக் குறி விழுந்தது. மாலையிலும் ஒற்றைக் குறிதான். மறுநாள் ஊரில் பெருநாள். அன்று அனுப்பிய வாழ்த்துக்கும் அதே ஒற்றைக் குறி.

இந்தக் குறிகளின் பொருளை அறியாதார் இன்று சிலரே. செய்தி நம்மை விட்டுப் புறப்பட்டால் ஒன்று. அவர் கைப்பேசியைச் சேர்ந்தால் இரண்டு. அவர் படித்துவிட்டால் இரண்டும் நீலம். நீல நிறம் 2014 நவம்பரில் வந்தது. அன்றிலிருந்து எத்தனை வீடுகளில் அது புகைச்சலுக்குக் காரணமாயிற்று என்பதைச் சொல்லத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். ஒற்றைக் குறியோ நீலத்தினும் பொல்லாதது. பெறுபவரின் கைப்பேசி அணைந்து கிடந்தாலும் ஒற்றைக் குறி; அவர் நம்மைத் தடுத்து வைத்திருந்தாலும் அதே ஒற்றைக் குறி. இயந்திரம் இரண்டுக்கும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. எது என்று முடிவு செய்வதை நம் மனத்திடம் விட்டுவிடுகிறது.

தம்பியின் மனம் எதை முடிவு செய்தது என்று சொல்லவும் வேண்டுமா? மூன்றாம் நாள் இரவு ஒரு குரல் பதிவை அனுப்பினார். அதில் பெருநாள் சலாம் இல்லை.

ஊரில் அண்ணனின் நிலை வேறு. உறவினரும் நண்பரும் நாள்தோறும் அனுப்பிய காலை வணக்கங்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து குவிந்த ஜும்ஆ வாழ்த்துப் படங்கள், பள்ளிவாசல் மினாராக்கள், ரோஜாப்பூக்கள், திருமண வீடியோக்கள் எல்லாம் சேர்ந்து அவர் கைப்பேசியின் சேமிப்பிடத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டிருந்தன. மனமில்லாமல் அனுப்பிய ஆயிரம் வாழ்த்துகள் வாசலை அடைத்துக்கொண்டிருக்க, மனமுவந்து அனுப்பிய ஒரு சலாம் வெளியே நின்றது. திறந்தால் திரை உறைந்து நிற்கும். விரல் தொட்டதற்குச் செயலி 5 விநாடிக்குள் மறுமொழி தராவிட்டால், மூடுவதா காத்திருப்பதா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். இயந்திரத்தின் பொறுமை அவ்வளவுதான். அண்ணன் பொறுமைசாலி, ஒவ்வொரு முறையும் காத்திருப்பதையே தேர்ந்தார். தம்பி ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லையே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டும் இருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. இருவர் கையிலும் இருந்தது தொலைபேசிதானே! எண்ணை அழுத்தினால் மணி அடித்திருக்கும். வாட்ஸ்அப் உறைந்தாலும் சாதாரண அழைப்பு உறைவதில்லை. ஒரு விசுவாசி தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்றும், இருவரில் முதலில் சலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இருவரும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். தம்பி முதலில் சலாம் சொல்லிவிட்டார், அது மெய். ஆனால் ஒற்றைக் குறியைக் கண்டதும், சொல்லிவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று அதன் பின்னே ஒளிந்துகொண்டார். ஐயங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள் என்னும் திருமறையின் கட்டளை (49:12), மனிதர் முகத்தைப் பார்த்து எழும் ஐயத்துக்கு மட்டுமா உரியது? கண்ணாடித் துண்டின் மீதுள்ள ஒரு கீற்றைப் பார்த்து எழும் ஐயத்துக்கு அது இன்னும் கூடுதலாக அல்லவா பொருந்தும்!

நான்காம் நாள் அண்ணனின் பேரன் விருந்துக்கு வந்தான். படங்களையும் வீடியோக்களையும் அள்ளி நீக்கினான், செயலியை நிறுத்தினான், திறந்தான். அடுத்த கணம் கைப்பேசி இடைவிடாமல் ஒலித்தது. தம்பியிடமிருந்து மட்டும் பதினொரு செய்திகள், அனுப்பிய நாளும் நேரமும் தாங்கி, வரிசை குலையாமல் வந்து இறங்கின. மேலே மன்னிப்பு. கீழே அந்தக் குரல் பதிவு.

அண்ணன் முதல் செய்தியைப் படித்தார். அதன் நேரத்தைப் பார்த்தார். கண் கலங்கி அக்கணமே ஷார்ஜாவுக்கு அழைத்தார். தம்பி பதறி, "கடைசியாக அனுப்பியதைக் கேட்க வேண்டாம் காக்கா, அழித்துவிடுங்கள்" என்றார். அண்ணன் கேளாமலே அழித்தார். அழித்துவிட்டு, "நான் இதை அழித்துவிட்டேன் தம்பி. நீயும் அந்த வாடகைப் பேச்சை அழித்துவிடு. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவோம்" என்றார். தம்பி அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லி மகிழ்ந்த அண்ணனின் முன்னே நாமும் மகிழ்ந்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பண்டமாற்று நெருடத் தொடங்கியது.

செயலியை நிறுத்தித் திறக்கும்போது உண்மையில் நடப்பது என்ன? கைப்பேசிக்குள் இருவகை நினைவுகள் உண்டு. ஒன்று, வேலை நடக்கும்போது மட்டும் எடுத்துப் பரப்பிக்கொள்ளும் நினைவு. மற்றொன்று, அணைத்தாலும் அழியாத சேமிப்பு. கடைக்காரரின் மேசையும் பெட்டகத்துள் இருக்கும் பேரேடும் போல என்று வைத்துக்கொள்ளலாம். மேசையில் தாள்கள் குவிந்து கைவைக்க இடமில்லாமல் போகும்போது அவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடி உட்காருகிறார். பேரேட்டில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. மீண்டும் தொடங்குதல் அவ்வளவே. உரையாடல்கள் அப்படியே இருக்கும். அது மட்டுமன்று. வரவேண்டியவை வந்து சேரும். நம்மிடம் அனுப்பப்படாமல் தேங்கியிருந்தவையும் புறப்படும். சேராத செய்தியை அந்நிறுவனம் தன் கணினிகளில் மறைகுறியாக்கி 30 நாள் வரை வைத்திருந்து, அதற்குள்ளும் சேராவிட்டால்தான் நீக்குகிறது. ஆகவே செயலி நின்றிருந்த நாட்களில் பாக்கிகள் நிற்கவில்லை. நம் வாசலில் காத்திருந்தன.

சேமிப்பையே அழிக்கும் பொத்தான் ஒன்றும் அதே அமைப்புகளுக்குள் உண்டு. அவசரத்தில் அதை அழுத்திவிட்டு, காப்புப் பிரதி இல்லாமல், மறைந்த உம்மாவின் குரல் பதிவுகளை இழந்தவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் அண்மைக் காலம் வரை அந்தக் கைப்பேசியை விற்காமல் வைத்திருந்தார்.

தவ்பாவைப் பற்றி நாம் பேசும்போது இவ்விரு பொத்தான்களையும் குழப்பிக்கொள்கிறோமோ என்பதே நம் ஐயம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவின் நிபந்தனைகளைத் தொகுத்துரைக்கிறார்கள். பாவத்தை விட்டு விலகுவது, செய்ததற்காக வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது ஆகிய மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவத்துக்குப் போதும். சக மனிதனின் உரிமை அதில் கலந்திருந்தால் நான்காவது ஒன்று சேர்கிறது: உரியவரிடம் அந்த உரிமையை ஒப்படைப்பது, அல்லது அவரிடமே விடுதலை பெறுவது. மீண்டும் தொடங்குவது தவறிழைத்தவன் கையில் இருக்கிறது. எவரும் அவனைத் தடுக்க முடியாது. அழிப்பது அவன் கையில் இல்லை. அந்தப் பொத்தான் உரியவரிடம் இருக்கிறது. கடன்பட்டவர் இடருற்றிருந்தால் அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்று திருமறை (2:280) கூறுவதும் கடன் கொடுத்தவரை நோக்கித்தான். கடன்பட்டவரைப் பார்த்து, மறந்துவிடு என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் குரல் பதிவை அண்ணன் கேளாமல் அழித்தது சரியா? கேளாததை மன்னிப்பது மன்னிப்பாகுமா? இது புதிய கேள்வி அன்று. ஒருவரைப் புறம் பேசியவர் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்போது என்ன பேசினோம் என்பதை விவரிக்க வேண்டுமா என்பதில் நம் ஷாஃபிஈ அறிஞர்களிடையே இரு கருத்துகள் இருப்பதை அதே இமாம் தம் 'அல்அத்கார்' நூலில் பதிவு செய்கிறார்கள். விவரிக்க வேண்டும் என்பவர்கள், ஒரு சொல்லை மன்னிப்பவர் வேறொரு சொல்லை மன்னிக்காமல் போகலாம் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள், சொல்லைப் பொறுத்தவரை மனிதர் பெருந்தன்மை காட்டுவது வழக்கம், பொருளைப் போன்றதன்று அது என்கிறார்கள். அண்ணன் இரண்டாவது வழியில் நின்றார் என்று கொள்வோம். நமக்கும் அதில் நிறைவே. ஆனால் அந்த இரண்டாவது கருத்துக்குள்ளேயே அவருக்கு எதிரான சாட்சி இருப்பதைக் கவனியுங்கள். சொல் வேறு, பொருள் வேறு. தம்பியின் கடுஞ்சொல்லை மன்னிக்க அண்ணனுக்கு உரிமை இருந்தது, அதை மன்னித்தார். வாடகைக் கணக்கை அழிக்கும் உரிமை அவருக்கு ஏது? தன்னிடம் இருந்த பொத்தானை அழுத்திவிட்டு, தம்பியிடம் இருந்த பொத்தானையும் அந்த ஈரம் காய்வதற்குள் அழுத்த வைத்துவிட்டார். வஞ்சனை என்று சொல்லமாட்டோம். நல்ல மனிதர்கள் இப்படித்தான் தவறுகிறார்கள், நெகிழ்ச்சியில்.

பழுது எங்கே இருக்கிறது என்று பாராமல் மீண்டும் தொடங்குவதில் பயனில்லை என்பதற்கு உலகமே கண்ட சான்று ஒன்றுண்டு. 2021 அக்டோபர் 4 அன்று நம் நாட்டு நேரப்படி இரவு 9 மணியளவில் வாட்ஸ்அப் உலகெங்கும் நின்றது. சுமார் 6 மணி நேரம் திரும்பவில்லை. நாமும் கைப்பேசியை மும்முறை அணைத்து எழுப்பினோம். பழுது நம் கையில் இல்லை. நிறுவனம் தன் கணினி மையங்களை இணைக்கும் வலையமைப்பில் பராமரிப்பின்போது செய்த பிழை அது. நம்மிடம் இல்லாத பழுதுக்காக நாம் அத்தனை முறை மீண்டும் தொடங்கிப் பார்த்தோம். அண்ணனுக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. பழுது பேரேட்டில் இருந்தது. அவர் மேசையைத் துடைத்தார்.

அடுத்த மாதம் தம்பி விடுப்பில் வந்தார். விருந்துக்கு நம்மையும் அழைத்திருந்தார்கள். சகோதரர் இருவரும் ஒரே தட்டில் உண்டதைக் கண்டபோது, இந்த நெருடலையெல்லாம் நம் மனத்தோடு வைத்துக்கொள்வதே மரியாதை என்று தோன்றியது. சாப்பாட்டுக்குப் பின் அண்ணன், "பழையதை எல்லாம் அழித்துவிட்டோம்" என்று மீண்டும் ஒருமுறை நம்மிடம் சொன்னார். அப்போது கதவுக்கு அப்பாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "தங்கச்சியிடம் யார் கேட்டது?"

அறை அமைதியாயிற்று. அந்த வாடகையில் ஐந்தில் இரண்டு அண்ணனுக்கு, ஐந்தில் இரண்டு தம்பிக்கு, மீதி ஒரு பங்கு அந்தச் சகோதரிக்கு. பிணக்கு நடந்த காலம் முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தி எதுவும் அனுப்பவில்லை. அதனாலேயே எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. நாமும், மேலே எழுதியவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த நாமும், அவரை எண்ணவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தம்பி எழுந்து தன் ராத்தாவுக்கு அழைத்தார். சாதாரண அழைப்பு, இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நடந்ததைச் சொல்லி, நீங்களும் விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. கைப்பேசியை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் சற்றுத் தயங்கி, வாடகை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறதம்மா என்றார். மறுபுறத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கணக்கை எழுதி அனுப்புங்கள் காக்கா. வாங்குவதா, விடுவதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

அண்ணன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டார்.