அபிநயமும் அன்பும்

தன்னுள்ளத்தில் இல்லாத அன்பை முகத்திலே காட்டுதல் பொய்யாகுமோ? பரதநாட்டியம் பயிற்றுந் தொழிலில் முப்பது ஆண்டுக்கு மேற் கழித்த எனக்கு இவ்வினா நூல்களிலிருந்து பிறந்ததன்று. ஒரு மாணவியின் தந்தையாரிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வயதுடைய அச்சிறுமிக்கு, தலைவன் வரவை எதிர்நோக்கியிருக்குந் தலைவியைப் பற்றிய பதமொன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவர் வாயிற்படியிற் சிறிதுபோது நின்று பார்த்தபின், "ரீச்சர், பிள்ளைக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவள்போலக் காட்டப் பழக்குவது சரியோ?" என்றார். கோபித்துக் கேட்டாரல்லர். கோபித்திருந்தால் விடை கூறுதல் எளிதாயிருந்திருக்கும்.

தலைவி உயிர், தலைவன் இறைவன் என்னும் வழக்கமான விடையைக் கூறி அவரை அனுப்பினேன். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அதனை ஒரு திரையாகவே பிடித்தேன் என்பதை அவர் சென்றபின் உணர்ந்தேன். இத்திரையைச் சைவபாடசாலை ஆசிரியர்களும் அறிவர். திருக்கோவையாரின் நானூறு செய்யுளும் களவுங் கற்புமாகிய காதலையே சொல்லுகின்றன. நம்மிற் பலர் பேரின்பப் பொருளை முன்னே கூறிவிட்டு, தலைவியின் துயரத்தை விரைந்து கடந்துவிடுகின்றோம். கோயில்களிலே தேவதாசியர் ஆடலைக் கடிந்துரைத்த ஆறுமுகநாவலரவர்களே (1822–1879) அந்நூலை உரையோடு அச்சிட்டவர். அவர் வெறுத்தது காதலென்னும் பொருளையன்று என்பது இதனாற் பெறப்படும்.

சென்னையிலும் இவ்வழக்கு நிகழ்ந்தது. 1936 இற் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணிதேவி அம்மையார் சிருங்காரப் பதங்களிற் சிலவற்றை விலக்கியே கற்பித்தார். தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி அம்மையாரோ (1918–1984), சிருங்காரமே சுவைகளுள் உயர்ந்ததென்றும், இக்கலையிற் புதிதாகத் தூய்மை செய்யவேண்டியது யாதுமில்லையென்றுங் கருதினார். நான் முன்னவர் வழியிற் பயின்றவள். என் மனமோ பின்னவர் பக்கமே சாய்கின்றது. சத்தியஜித் ராய் 1976 இல் எடுத்த படத்திலே, ஐம்பது வயதைக் கடந்த பாலசரஸ்வதி கடற்கரையில் நின்று குழந்தைக் கண்ணனை அழைக்கின்றார். அங்கே குழந்தையில்லை. அந்த அழைப்பைப் பொய்யென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உள்ளத்தில் உணர்ச்சி இருந்தாற் போதும், மெய்ப்பாடு தானே வருமென்பாரும் உளர். அதுவும் அன்று. என் கணவர் இறந்தபின் இரண்டாண்டு அப்பதத்தை நான் தொடவில்லை. ஒருநாள் தொட்டபோது கண்ணீர் வந்தது. கை முத்திரையை மறந்தது. தாளம் எங்கோ போயிற்று. பார்த்திருந்த மாணவியர் என்னைக் கண்டு இரங்கினார்களேயன்றித் தலைவியைக் காணவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. காதல் என்னும் பெயர் இவ்வெட்டில் இல்லை. உரைகாரர் அதனை உவகையுள் அடக்குவர். எனினும் காத்திருக்குந் தலைவியிடத்தே அச்சமும் வெகுளியும் அழுகையும் மாறிமாறி வருவதை ஆடிப் பார்த்தவர் அறிவர். "காதலைக் காட்டு" என்று நான் மாணவியரை ஏவிய ஆண்டுகளெல்லாம் இல்லாத முகமொன்றையே கேட்டிருந்தேன் போலும்.

அடுத்த பாடத்தில் அச்சிறுமியிடந் தலைவனை மறக்கச் சொன்னேன். "நீ படலையில் நின்று யாரைப் பார்த்திருப்பாய்?" என்றேன். "அப்பாவை" என்றாள். அவர் கொழும்புக்கு லொறி ஓட்டுபவர். வரவேண்டிய நாளில் வாராவிட்டால், இரவிலே வீதியிற் கேட்கும் ஒவ்வோர் இரைச்சலையும் அவளுந் தாயுங் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். அன்று அவள் கழுத்துத் திரும்பிய விதத்தை நான் கற்பிக்கவில்லை.

அப்பதத்தில் அவளுக்கு இன்னும் எட்டாத வரிகள் உள, அவற்றை விட்டுவைத்தேன். வாணிவிழாவிலே அவள் ஆடியபோது தந்தையார் முன்வரிசையில் இருந்தார். முடிந்தபின் என்னிடம் வந்து, "யாரைப் பார்த்துப் பழகினாள்?" என்று கேட்டார். அதை அவளிடமே கேட்கும்படி சொன்னேன்.