கைப்பிடிச் சுவரும் நம் மனச்சான்றும்

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், நாம் எளிதில் கடந்து போய்விடும் சட்டம் ஒன்று உண்டு. வழிதவறிய மாட்டையும் பறவைக் கூட்டையும் பற்றிய கட்டளைகளை அடுத்து, புது வீடு கட்டுவோர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டுமென்று அது பணிக்கிறது. சுவரின்றி ஒருவர் விழுந்து இறந்தால் அப்பழி வீட்டைச் சாரும். விழக்கூடியவர் யாரென்று கட்டுகிறவருக்குத் தெரியாது. முகமறியாத அவருக்காக முன்னரே கவலைப்படுவதும் பிறரன்பே என்பது இதன் உட்பொருள்.

வடிவமைப்பு என்றதும் நாமோ அலங்காரத்தையே எண்ணுகிறோம். நாரணாபுரத்தையும் சிவகாசியையும் சூழ்ந்த அச்சகங்களில் உருவாகும் தினசரி நாட்காட்டியைச் சற்று நோக்குவோம். கண் மங்கிய பாட்டியும் அடுப்படியிலிருந்தே காணும்படி பெரிய எண். வேண்டுவோர் அருகில் வந்து படிக்கச் சிறிய எழுத்து. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவத் திருநாள்கள் ஒரே கட்டில். அண்டை வீட்டாரின் பெருநாளை நமக்கு நினைவூட்டும் அத்தாள், ஓசையின்றி ஒரு பண்பாட்டையும் வளர்க்கிறது. நல்ல வடிவமைப்பு என்பது பயன்படுத்துகிறவரை மனத்தில் கொண்டு செய்வது.

நம் பகுதியின் மற்றொரு தொழிலான தீப்பெட்டி வேறொரு பாடத்தையும் புகட்டுகிறது. பழைய தீக்குச்சிகளில் இருந்த வெண் பாஸ்பரஸ், அவற்றைச் செய்தோரின் தாடை எலும்பை அரித்தது. 1844இல் ஸ்வீடன் நாட்டு குஸ்தாஃப் எரிக் பாஷ், நச்சுத்தன்மையற்ற சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, மற்ற மருந்தைக் குச்சியின் தலையில் வைக்கும் வழியைக் கண்டார். ஆபத்தை இரண்டாகப் பிரித்து வைத்ததே அவ்வடிவமைப்பின் நுட்பம். ஆயினும் வெண் பாஸ்பரஸ் மலிவானது. அதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1906இல் பெர்ன் நகரில்தான் உருவாயிற்று. இந்தியச் சட்டம் 1913இல் வந்தது. வழி தெரிந்த பின்னரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஏழைகள் துன்புற்றனர். குறை அறிவில் இல்லை, மனத்தில் இருந்தது.

பட்டாசு ஆலையின் அமைப்பும் இவ்வாறே. சிறு சிறு அறைகள், இடையே போதிய தொலைவு, வெளிப்புறம் திறக்கும் கதவுகள், மருந்து அறையில் நால்வருக்கு மேல் கூடாதென்ற வரம்பு: இவை அனைத்தும் கைப்பிடிச் சுவர்களே. ஓரறையில் தீப்பற்றினாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். அவசரமும் பேராசையும் நால்வர் இடத்தில் பலரை அமர்த்தும்போது, வரைபடம் வெறும் காகிதமாகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். ஓடிவந்து உதவ முயன்றோரும் அவர்களுள் இருந்தனர். அந்நாளை நாம் மறக்கலாகாது.

ஆலை உரிமையாளரை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் பீடத்திற்குப் பளிங்குக் கல் பதித்து மகிழ்ந்தோம். வாசலில் உயரமான ஏழு படிகள். பிடித்து ஏற ஒரு கம்பிகூட இல்லை. மூட்டு வலியால் வருந்திய மூதாட்டி ஒருவர் மாதக்கணக்கில் படியின் கீழேயே நின்று திருப்பலி கண்டார். எவரோ சுட்டிக்காட்டிய பின்னரே நம் கண் திறந்தது. இரும்புக் குழாய் பொருத்த ஒரே நாள் போதுமாயிருந்தது. பளிங்கு இறைவனுக்கு என்றெண்ணினோம். அந்தக் குழாயும் அவருக்கே என்பதை நாம் அறியாதிருந்தோம்.

அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பட்டாசுப் பெட்டியின் மேல் மலரும் வண்ணத்தைக் கண்டு குழந்தை மகிழட்டும். ஆனால், பெட்டிக்குக் காட்டும் கவனத்தை அதை நிரப்பும் கைகளுக்கும் காட்டுகிறோமா? விலையைக் குறைக்கச் சொல்லும் நாமும் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். வீடோ, பள்ளியோ, பட்டறையோ, ஆலயமோ எதைக் கட்ட முனைந்தாலும், இங்கே விழக்கூடியவர் யார் என்று முதலில் கேட்போம். அவருக்கான சுவரை எழுப்பிய பிறகு, வண்ணம் பூசுவோம்.