கொடையும் கௌரவிப்பும்

பிறருக்குக் கொடுப்பவரை அதற்காகக் கௌரவிப்பது சரியா? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேலியாகவே கேட்டு வருகிறோம். சேவைக் கழகமொன்று கிராமத்துப் பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி வைத்துக் கொடுத்தால், தாங்கியை விடப் பெயர்ப்பலகை பெரிது என்று சொல்லிச் சிரிக்கிறோம். சிரித்த பிறகு அந்தத் தாங்கியின் தண்ணீரைத்தான் எங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள். கேலி செய்தவர்களில் எவரும் தாங்கி வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இதனைக் கேலிக்கு வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. ஒழுக்கம் சார்ந்த ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. அது எங்கள் எழுத்துலகத்தையும் தொடுகின்றது.

முதலில் இக்கழகங்களின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி மூன்று நண்பர்களுடன் நடத்திய கூட்டமே றோட்டரிக் கழகத்தின் தொடக்கமாகும். கூட்டத்தை ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் மாறி மாறி நடத்தியதால் வந்த பெயர் அது. அதே நகரில் 1917இல் காப்புறுதி வியாபாரியான மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் லயன்ஸ் கழகம் பிறந்தது. 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் உரையாற்றி, பார்வையற்றோரின் பணியை ஏற்குமாறு கேட்டுக்கொண்டார். இன்றும் கண் சிகிச்சை முகாம்களும் மூக்குக் கண்ணாடி வழங்கலும் அவர்களது முதன்மைப் பணிகளாக இருப்பதற்கு அதுவே காரணம். இலங்கையில் கொழும்பு றோட்டரிக் கழகம் 1929இல் தொடங்கப்பட்டது.

இக்கழகங்களில் சேர்ந்தவர்கள் துறவிகள் அல்லர். வியாபாரிகள், சட்டத்தரணிகள், வைத்தியர்கள், கம்பனி அதிகாரிகள். அறிமுகமும் தொழில் தொடர்பும் தேடியே ஆரம்பத்தில் கூடினார்கள். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. றோட்டரி 1950இல் ஏற்றுக்கொண்ட மகுட வாசகங்கள் இரண்டு. ஒன்று, தன்னலத்துக்கு மேலாகச் சேவையை வைக்கச் சொல்கிறது. மற்றது, சிறப்பாகச் சேவை செய்பவரே அதிக இலாபம் அடைகிறார் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முரண்பாடு போலத் தோன்றும். மனிதரை உள்ளபடி அறிந்த ஒருவகை நேர்மை அதில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கௌரவிப்பும் அப்படித்தான் வளர்ந்தது. 1947இல் போல் ஹரிஸ் காலமானபோது அவரது நினைவாக றோட்டரி அறக்கட்டளைக்குப் பணம் குவிந்தது. பின்னர் 1957இல், ஆயிரம் அமெரிக்க டொலர் கொடுப்போரை அவரது பெயரால் கௌரவிக்கும் வழக்கம் தொடங்கியது. லயன்ஸ் கழகத்தின் அறக்கட்டளையும் 1973இல் அதே தொகைக்கு மெல்வின் ஜோன்ஸ் பெயரில் ஒரு கௌரவத்தை ஏற்படுத்தியது. சட்டைப் பையில் குத்தும் சின்னம், சான்றிதழ், கூட்டத்தில் கைதட்டல். கொடுப்பவர் தன் பணத்தில் இன்னொருவரின் பெயருக்கு அந்தக் கௌரவத்தைப் பெற்றுக் கொடுக்கவும் றோட்டரியில் இடமுண்டு. தனக்குப் படிப்பித்த ஆசிரியரின் பெயருக்கோ தாயின் பெயருக்கோ அதை வழங்கலாம்.

இதைக் காசு கொடுத்து வாங்கும் பட்டம் என்று ஒதுக்கிவிடலாமா? நமது மரபு அவ்வளவு அவசரப்படவில்லை. அல்பகறா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லது என்றே ஏற்கிறது; மறைத்து ஏழைகளிடம் சேர்ப்பதை அதைவிட மேலாக வைக்கிறது. பிறரையும் கொடுக்கத் தூண்டுவதற்காக வெளிப்படையாகக் கொடுப்பதில் நன்மை உண்டென்பதை இமாம் கஸ்ஸாலி ஏற்றுக்கொள்கிறார். முகஸ்துதியைக் குறித்து எச்சரித்தபடியே அதைச் சொல்கிறார். தமிழ் இலக்கியத்திலும் கொடையாளரின் பெயர் மறைக்கப்படவில்லை. உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதிக்குப் பிறகு கைகொடுத்த அபுல் காசிம் மரைக்காயரின் பெயர் சீறாப்புராணத்தில் பல இடங்களில் வருகிறது. கம்பர் சடையப்ப வள்ளலை நினைவுகூர்ந்ததும் நாம் அறிந்ததே. அந்தப் பெயர்களைப் படித்து எவரும் முகம் சுளிப்பதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? இதுபற்றி நமது பள்ளிவாசல்களிலும் கூட்டங்களிலும் பேசப்படுவதெல்லாம் கொடுப்பவரின் நிய்யத்தைப் பற்றியே. அவர் பெயருக்காகக் கொடுத்தாரா, இறைவனுக்காகக் கொடுத்தாரா என்று ஆராய்கிறோம். பிறர் உள்ளத்துக்குள் இருப்பதை அளக்க நமக்குக் கருவியில்லை. ஆனால் அதே அல்பகறாவின் 264ஆம் வசனம், சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தர்மம் பாழாகிவிடும் என்று எச்சரிக்கின்றது. நோவினை கொடுப்பவரின் உள்ளத்தில் நிகழ்வதல்ல, வாங்குபவருக்கு நிகழ்வது. நிய்யத்தை நாம் காண முடியாது. நோவினையைக் காண முடியும். காண விரும்பினால் ஒரு பாடசாலையில் அதற்கு நிறையச் சந்தர்ப்பங்கள் உண்டு.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கிராமப் பாடசாலைகளில் படிப்பித்து வருகிறேன். புதிய ஆண்டு தொடங்கும்போது ஏதாவதொரு அமைப்பிடமிருந்து அதிபருக்குச் செய்தி வரும்: வறிய மாணவர்களின் பட்டியல் வேண்டும். வகுப்பாசிரியர் பட்டியல் எழுதுவார். தகப்பன் இல்லாத பிள்ளை, நிவாரணத்தில் வாழும் குடும்பம், கூலி வேலைக்குப் போகும் தாய் என்று எங்கள் கையாலேயே பிள்ளைகளைப் பிரித்து எழுதுகிறோம். குறித்த நாளில் மண்டபத்தில் பதாகை கட்டப்படும். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படும். பிள்ளை மேடைக்கு வந்து அப்பியாசக் கொப்பிப் பொதியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, மறு பக்கத்தை விருந்தினர் பிடித்துக்கொள்வார். படம் சரியாக விழவில்லையென்றால் இன்னொரு முறை நிற்க வேண்டும். தரம் 2 பிள்ளைக்கு அது சந்தோஷம். பெயர் கூப்பிட்டதே பெரிய விடயம். தரம் 8இல் படிக்கும் பிள்ளைக்கு, தன் வீட்டு நிலைமை ஒலிபெருக்கியில் சொல்லப்படுகிறது என்பது விளங்கும். மேல் வகுப்புகளில் சிலர் அன்றைக்குப் பாடசாலைக்கு வரவே மாட்டார்கள். கொப்பி இல்லாததால் வராமல் விட்டவர்கள் அல்லர் அவர்கள். கொப்பி கொடுக்கும் நாள் என்பதால் வராமல் விட்டவர்கள்.

ஈகையைப் பாடிய வள்ளுவர், இரந்து வந்தவரின் முகம் மலர்வதைக் காணும் வரை கொடுப்பவருக்கும் நிம்மதியில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மலர்ச்சி தானாக வர வேண்டியது. புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லி வரவழைக்கும் மலர்ச்சியை அவர் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது அந்தச் சின்னத்தையும் இந்தக் கொப்பிப் பொதியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் டொலர் கொடுத்தவருக்குச் சக அங்கத்தவர்கள் தங்கள் கூட்டத்தில் கைதட்டுகிறார்கள். அந்தக் கௌரவத்துக்காக எந்த ஏழையும் எழுந்து நிற்கவில்லை. கொப்பி வழங்கும் மேடையிலும் கொடுப்பவருக்குக் கௌரவம் கிடைக்கிறது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளை. தன் வறுமையைச் சபையில் காட்டி, விருந்தினரின் பெருந்தன்மைக்கு அத்தாட்சியாக நிற்கிறது. ஆகவே கொடுப்பவரைக் கௌரவிக்கலாமா என்ற கேள்வியை விட, அந்தக் கௌரவத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியே முக்கியமானது. சக அங்கத்தவர் கொடுத்தால், ஊரார் நன்றியாகக் கொடுத்தால், புலவர் தன் பாட்டில் கொடுத்தால் அதில் குற்றமில்லை. வாங்குபவரின் மானத்திலிருந்து அது எடுக்கப்பட்டால், கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாகவே ஆகும்.

வாங்குபவரைச் சிறுமைப்படுத்தாமல் கொடுக்க முடியும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1985இல் றோட்டரி உலகளவில் போலியோ ஒழிப்புக்கு நிதி திரட்டத் தொடங்கியது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்த பெரும் முயற்சியாக அது விரிந்தது. நமது நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 1990களில் யுத்தத்துக்கு நடுவிலும் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2014 மார்ச்சில் இலங்கை அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. அந்த மருந்து வைத்தியரின் பிள்ளைக்கும் மீனவரின் பிள்ளைக்கும் ஒரே வரிசையில் கொடுக்கப்பட்டது. அதை வாங்கியதால் எந்தப் பிள்ளையும் ஏழைப்பிள்ளை என்று பெயரெடுக்கவில்லை.

வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கமும் இத்தகையதே. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பியது முதல், பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இலங்கையரின் கண்களால் பார்வை பெற்றிருக்கிறார்கள். அங்கே கொடுத்தவர் உயிரோடு இல்லை. பெற்றவர் அவரது முகத்தைக் கண்டதில்லை.

இதற்குக் கழகத்தவர்கள் சொல்லும் மறுமொழியையும் கேட்க வேண்டும். படம் இல்லாமல் பணம் வராது என்பார்கள். வெளிநாட்டுக் கழகமொன்று பணம் அனுப்பினால் அது உரியவரிடம் சேர்ந்ததா என்று கேட்பது நியாயம். இரண்டு கழகங்களிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர் ஆண்டுதோறும் மாறுகிறார். தன் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஏதாவது செய்து காட்டி, ஆளுநரின் வருகைக்கு அறிக்கை தயாரிக்க வேண்டிய நிலை அவருக்கு. எனவே ஒரே நாளில் முடிந்து படமாகக்கூடிய பொருள் வழங்கலையே பலர் தெரிவுசெய்கின்றனர். ஒரு வாசிகசாலையை ஐந்து வருடம் நடத்துவதைப் படம் பிடிப்பது கடினம்.

இந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் அத்தாட்சி வேறு, முகம் வேறு. கணக்கறிக்கை, பற்றுச்சீட்டு, அதிபரின் கடிதம், கட்டிய கட்டடத்தின் படம், அடுக்கிய கொப்பிகளின் படம் என அத்தாட்சிக்கு வழிகள் பல. தன் முகத்தைப் பத்திரிகையில் போடச் சம்மதமா என்று அந்தப் பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் மறுக்கும் பலம் அதற்கில்லை. கை நீட்டி நிற்பவரின் சம்மதம் முழுச் சம்மதமாகாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய மாதங்களில், ஒவ்வொரு பொதிக்கும் ஒவ்வொரு படத்துக்கு நின்ற எங்கள் கரையோர மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பெயர்ப்பலகைக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். குழாய்க்கிணற்றில் கொடுத்தவரின் பெயர் இருப்பதால் தண்ணீர் அள்ளும் பெண்ணுக்கு எந்தக் குறையுமில்லை. பெயர் இருக்கட்டும். ஆனால் கைபிடி முறிந்து, துருப்பிடித்து நிற்கும் கிணற்றில் பெயர் மட்டும் அழியாமல் இருந்தால், அந்தப் பெயர் கிணற்றுக்குப் பொறுப்பேற்கவில்லை என்றே அர்த்தம். பெயர் போடும் உரிமையோடு பழுதுபார்க்கும் கடமையும் சேர்ந்திருந்தால் பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். நூல் வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி பெறுபவரைப் புரவலர் என்றழைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுக்கிறோம். அச்சகத்துக் கடனில் நிற்கும் எழுத்தாளருக்கு அந்தக் கடித உறை எவ்வளவு பெரிய உதவி என்பது இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் புரவலரை மேடையில் பாராட்டுவதில் தவறில்லை. உமறுப்புலவர் செய்ததும் அதுதான். ஆனால் உறையைச் சபைக்கு உயர்த்திக் காட்டுவதும், இன்னாருக்கு நான்தான் புத்தகம் போட்டுக் கொடுத்தேன் என்று பின்னர் சொல்லித் திரிவதும், புரவலரின் மனம் கோணாதபடி அடுத்த நூலில் எழுத்தாளர் ஒரு வரியை விட்டுவிடுவதும் வேறு வகை. அங்கேயும் கௌரவத்தின் விலையை வாங்கியவரே கட்டுகிறார். கொப்பிக்காக மேடையேறிய பிள்ளைக்கும் நமக்கும் அந்த இடத்தில் பெரிய வேறுபாடில்லை. கழகங்களைக் கேலி செய்யும்போது இதையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

செய்யக்கூடியவை சிறிய காரியங்களே. கொப்பிகளை வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். அதற்குப் பணம் போதாதென்றால், பாடசாலை தொடங்கும் முன்னரே பெற்றோரிடம் சேர்ப்பிக்கலாம். பட்டியலை வகுப்பாசிரியரின் மேசையோடு நிறுத்திக்கொள்ளலாம். விழா தேவையென்றால் கொடுத்தவர்களுக்கு மட்டும் விழா எடுப்போம். பாடசாலை வாத்தியக் குழு முன்னே வர அவர்களை அழைத்து வந்து, மாலை போட்டு, நன்றியுரையும் சொல்வோம். கொப்பி பெற்ற பிள்ளையும் பெறாத பிள்ளையும் அடையாளம் தெரியாமல் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து கைதட்டட்டும்.