அக்காள் கட்டிய கல்லறை

அலகாபாத் குஸ்ரு பாக் கல்லறைத் தோட்டத்தை ஆங்கிலேய ஓவியர்களான டேனியல்கள் வரைந்த படத்தின் மறுஅச்சு ஒன்று என் மேசைக்கு மேலே தொங்குகிறது. செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்சிட்டு, தாள்தாளாகக் கையால் வண்ணம் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். குவிமாடமும் மரங்களுமாக, நிறைவாக வாழ்ந்து முடித்தவர்களின் இடம் போலத் தோன்றும்.

உண்மை அதற்கு நேர்மாறு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி ஷா பேகமும் அவர்களின் மகன் குஸ்ருவும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். மகனின் போக்கைப் பொறுக்காமல் ஷா பேகம் அபின் தின்று இறந்தார் என்று ஜஹாங்கீரே எழுதி வைத்திருக்கிறார். 1606-இல் தந்தைக்கு எதிராகக் கிளம்பிய குஸ்ரு தோற்றுப் பிடிபட்டான், கண்களைக் குருடாக்கினார்கள். 1622-இல் புர்ஹான்பூரில், தம்பி குர்ரமின் காவலில் இறந்தான். குர்ரம்தான் கொன்றார் என்றே பலரும் நம்பினார்கள். பிற்பாடு தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகான் அவர்தான். அங்கே போய் உருகுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

என் மனம் நிற்பது குஸ்ருவின் அக்காள் நிதார் பேகத்திடம். தாயின் கல்லறைக்கும் தம்பியின் கல்லறைக்கும் நடுவே 1624-25-இல் தனக்கென்று ஒரு கல்லறை கட்டிக்கொண்டார். உள்ளே கூரையெங்கும் நட்சத்திரங்கள் தீட்டியிருக்கும். மூன்றிலும் அழகானது அதுதான். ஆனால் அவரை அங்கே அடக்கம் செய்யவில்லை. கட்டடம் காலி.

வீண் செலவு என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பம் தள்ளிவைத்த ஒருவனின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டே தீருவேன் என்று நிற்கும் அக்காள் நம் வீடுகளிலும் உண்டு. அவன் வருகிறானா என்பது அவளுக்கு இரண்டாம்பட்சம். தான் யாருடைய ஆள் என்பதை ஊர் பார்க்க வேண்டும்.

தம்பி உயிரோடு சிறைப்பட்டிருந்தபோது அல்லவா இதைச் செய்திருக்க வேண்டும், செத்தவன் பக்கம் நிற்பது எளிதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் கட்டிய காலத்தில் குருடாக்கிய தந்தை அரியணையில் இருந்தார். கொன்றதாகப் பேசப்பட்ட குர்ரம் 1628-இல் அதே அரியணையில் ஏறினார். வாய்ப்பேச்சாக இருந்தால், காற்று மாறியதும் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுத்துவிடலாம். இத்தனை பெரிய கட்டடத்தை யார் மறுப்பது?