நூறாண்டுப் பழக்கம்

1

எங்கள் ஊரான ஆரணிக்குச் சபை வந்த வழி சுற்றுவழி. நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவில் போய்க் குடியேறியவர்கள் 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு சீர்திருத்தச் சபையை ஊன்றினார்கள். 1867 வரை அதன் பெயரிலேயே 'டச்சு' என்பது இருந்தது. அந்தச் சபையைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819இல் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர், சித்தூர், ராணிப்பேட்டை, திண்டிவனம் என்று அந்த மிஷன் கால் பதித்த ஊர்களில் ஆரணியும் ஒன்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகளும் அதில் சேர்ந்தன.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த டென் பூம் குடும்பமும் அதே வேரில் நின்ற டச்சுச் சீர்திருத்தச் சபைக் குடும்பம்தான். அதனால் அவர்களைப் பற்றிக் குறித்துவைக்கும்போது வேற்றூர்க் கதையாக எனக்குத் தோன்றுவதில்லை. இந்தப் பட்டு நெசவு ஊரில் நாங்கள் பெற்றுக்கொண்ட அதே விசுவாசத்திடம், வேட்டையாடப்படுகிறவருக்குக் கதவைத் திறப்பாயா என்று அங்கே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அந்த வீடு பதில் சொன்னது.

2

பார்ட்டெல்யோரிஸ் தெரு, 19ஆம் எண். வில்லெம் டென் பூம் அங்கே கடை திறந்தது 1837இல். 1844இல் அவர் தம் வீட்டில் வாரந்தோறும் ஒரு ஜெபக் கூட்டம் தொடங்கினார். யூத மக்களுக்காகவும் எருசலேமின் சமாதானத்துக்காகவும் ஜெபம். அப்போது அந்த ஊரில் யூதர்களை யாரும் வேட்டையாடவில்லை. ஆபத்து ஏதும் இல்லாத காலத்தில், தம் சபைக்கு வெளியே இருந்த ஒரு ஜனத்தை அவர் வாராவாரம் நினைத்துக்கொண்டார்.

அவருடைய மகன் காஸ்பர் கடையை ஏற்று நடத்தினார். முதல் உலகப் போருக்குப் பிறகு, பட்டினியில் மெலிந்த ஜெர்மானியக் குழந்தைகளை நெதர்லாந்துக்கு அழைத்துவந்து தேற்றினார்கள். அந்த வீட்டிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கினார்கள். வளர்ப்புப் பிள்ளைகள் மாறி மாறி இருந்துகொண்டே இருந்த வீடு அது. மூத்த மகள் பெட்ஸி சமையலறையையும் இளையவள் கோரி கடையையும் பார்த்துக்கொண்டார்கள். நெதர்லாந்தில் கடிகாரம் பழுது பார்க்க உரிமம் பெற்ற முதல் பெண் கோரி, ஆண்டு 1922.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை உள்ளே வந்தபோது அந்த வீட்டுக்குப் புதிதாகத் தைரியம் எதுவும் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்ற நிலை. நிறுத்தாமல் இருப்பதன் விலைதான் ஏறிவிட்டது.

3

தேடப்பட்ட யூதர்களுக்காக அந்த வீட்டில் ஒளிவிடம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை மெதுவாக வாசிக்க வேண்டும். மாடியில் கோரியின் படுக்கையறை. அதன் கடைசிச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பினார்கள். இடையில் சுமார் இரண்டரை அடி இடைவெளி. ஆட்கள் நெருக்கி நிற்கலாம். பலகை வைத்து அடைத்தால் தட்டிப் பார்க்கும்போது சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் செங்கல்லாலேயே கட்டினார்கள். சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே போகும் வழி துணி அலமாரியின் அடித்தட்டில். மண்டியிட்டுத் தவழ்ந்துதான் போக முடியும்.

பிறகு ஒத்திகை. மின்மணி ஒலித்ததும் ஒளிந்திருப்பவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் மாடியேறி உள்ளே போய்விட வேண்டும். சாப்பாட்டு மேசையில் கூடுதல் தட்டு இருக்கக் கூடாது. படுக்கையில் உடம்புச் சூடு மிஞ்சியிருந்தால் சோதனை போடுகிறவன் கையை வைத்துக் கண்டுபிடிப்பான். அதனால் மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும். திரும்பத் திரும்பப் பழகிப் பழகி ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்பு என்றால் மனதுக்குள் பொங்குவது என்றுதான் நாம் பேசுகிறோம். இங்கே அது மெத்தையைத் திருப்பிப் போடுகிறது. தட்டுகளை எண்ணுகிறது.

கடைச் சன்னலில் ஆல்பினா கடிகார விளம்பரப் பலகை ஒன்று நின்றது. அது இருக்கும்வரை வீடு பத்திரம் என்று பொருள். யோசுவாவின் புத்தகத்தில் ராகாபும் சன்னலில்தான் அடையாளம் கட்டினாள், சிவப்பு நூல்கயிறு. ஒற்றர்களை அவள் மறைத்துவைத்தது மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்குள். சணலும் சாயநூலும் புழங்கிய அந்த வீட்டை, நூலோடு பிழைக்கிற எங்கள் ஊரில் கண்முன் கொண்டுவருவது சிரமமில்லை.

4

ஒரு நாள் ஊருக்கு வெளியிலிருந்து ஒரு போதகர் கடைக்கு வந்தார். ஒரு யூதத் தாயையும் கைக்குழந்தையையும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கோரி கேட்டாள். குழந்தையைக் கொண்டுவந்தும் காட்டினாள். அவர் ஒரு கணம் குனிந்து பார்த்தார். பிறகு முடியாது என்றார். உயிர் போய்விடும் என்றார். காஸ்பருக்கு எண்பது வயது கடந்திருந்தது. அவர் அந்தக் குழந்தையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, இதற்காக உயிர் போனால் தம் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை என்ற பொருளில் பேசினார்.

அந்தப் போதகரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பயந்தது பொய்ப் பயம் அல்ல. அவர் சொன்ன ஆபத்து நிஜம்; அப்படியே நடக்கவும் செய்தது. காஸ்பருக்கும் அது தெரியும்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை நினைவுக்கு வருகிறது. சமணத் துறவி கவுந்தியடிகள், வணிகர் வீட்டுப் பெண்ணான கண்ணகியை, இடைக்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கிறார். அவரவர் பிறப்பு வேறு, வழிபாடு வேறு. கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமற்போன துயரத்தில் மாதரி தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். அடைக்கலம் வாங்கிக்கொள்கிறவர் தன் உயிரைப் பிணையாக வைக்கிறார் என்பது நம் மண்ணுக்கும் தெரிந்ததுதான்.

5

பொய் சொல்வதா? அந்தக் குடும்பத்தில் இது பெரிய வேதனை. கோரியின் அக்கா நோலி பொய்யே பேசுவதில்லை என்று உறுதியோடு இருந்தாள். தன் வீட்டில் இருந்த பெண்ணைக் காட்டி இவள் யூதப் பெண்ணா என்று அதிகாரி கேட்டபோது, ஆமாம் என்றாள். இருவரையும் கொண்டுபோனார்கள். சில நாளில் அந்தப் பெண்ணைத் தலைமறைவு இயக்கத்தார் மற்றவர்களோடு மீட்டுவிட்டார்கள். கோரியோ ரேஷன் அட்டைகளைத் திருட்டுத்தனமாக வாங்கினாள், பொய்ப் பெயர்கள் சொன்னாள், கேட்டவர்களிடம் யாரும் இல்லை என்றாள்.

எகிப்தில் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் சிப்பிராளும் பூவாளும் சாக்குச் சொன்னார்கள். தேவன் அந்த மருத்துவச்சிகளுக்கு நன்மைசெய்தார் என்கிறது வேதம். யாருக்கும் தீங்கில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் பக்கம் சேர்க்கலாம் என்பது வள்ளுவர் தீர்ப்பு. என் மனம் கோரியின் பக்கம்தான். கொலைகாரனுக்கு உண்மையைக் கேட்கும் உரிமை இல்லை. ஆனாலும் நோலியின் மனச்சாட்சியை லேசாகப் பேச மாட்டேன். அதே மனச்சாட்சிதான் அந்தப் பெண்ணை வீட்டில் சேர்த்தது.

6

சபை என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும். 1942 ஜூலையில், யூதர்களை நாடுகடத்துவதை எதிர்த்து டச்சுச் சபைகள் சேர்ந்து ஆட்சியாளர்களுக்குத் தந்தி அனுப்பின. ஆராதனையில் அதை வாசிக்கக் கூடாது என்று நெருக்குதல் வந்தது. பகிரங்கமாக வாசிக்காதிருந்தால் ஞானஸ்நானம் பெற்ற யூதர்களுக்கு விலக்குக் கிடைக்கும் என்ற நிலையில் சீர்திருத்தச் சபையின் பேரவை பின்வாங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை வாசிக்கச் செய்தார்கள். ஒரு வாரத்தில், கத்தோலிக்கரான யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தத்துவ அறிஞரும் கன்னியாஸ்திரியுமான எடித் ஸ்டைன் அவர்களில் ஒருவர். ஆகஸ்ட் 9 அன்று அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

பேசினாலும் பலி, பேசாவிட்டாலும் பலி. நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அந்த ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும். ஒளிந்து தப்பித்தவர்கள் தனித்தனி வீடுகளில் தப்பித்தார்கள்: ஒரு மாடி, ஒரு அலமாரி, ஒரு கொட்டகை. பேரவை கூடித் தீர்மானிக்கும்வரை காத்திருக்காதவர்களின் வீடுகள் அவை.

அந்த வீட்டில் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். ஹனுக்கா வந்தபோது சாப்பாட்டு அறையில் விளக்கேற்றினார்கள். ஒளிந்திருந்த யூதர்களின் ஜெபத்தில் வீட்டாரும் உட்கார்ந்தார்கள்.

7

1944 பிப்ரவரி 28. உதவி கேட்பது போல வந்த ஒருவன் காட்டிக்கொடுத்தான். கோரி அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். வீட்டார், ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள், வீடு பிடிபட்டது தெரியாமல் கதவைத் தட்டியவர்கள் என்று சுமார் 30 பேரைப் பிடித்தார்கள். சுவருக்குப் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள். நால்வர் யூதர்கள், இருவர் தலைமறைவு இயக்கத்தவர். வீட்டை அலசியும் அவர்கள் அகப்படவில்லை. இரண்டு நாள் இருட்டில் நின்றபிறகு மீட்கப்பட்டார்கள்.

வில்லெம் ஜெபக் கூட்டம் தொடங்கி அது சரியாக நூறாவது ஆண்டு.

வயதைப் பார்த்துக் காஸ்பரை விட்டுவிட அதிகாரி முன்வந்தார். இனி வம்பு வேண்டாம் என்றால் போதும். இன்று வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்குத் தட்டுகிற யாருக்கும் கதவைத் திறப்பேன் என்று கிழவர் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் சிறைக்காவலில் இறந்தார். வயது 84. பெட்ஸியையும் கோரியையும் ராவென்ஸ்பிரூக் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கடின வேலைக்கு உடம்பில்லாத பெட்ஸியைக் காலுறை பின்னும் பெண்களோடு உட்காரவைத்தார்கள். பின்னிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஜெபம் சொன்னாள். 1944 டிசம்பர் 16 அன்று இறந்தாள். அந்த மாதக் கடைசியில் கோரி விடுதலையானாள். 1967இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அவளுக்கு 'உலக நாடுகளின் நீதிமான்' என்னும் கௌரவத்தைத் தந்தது.

8

கோரி பிற்காலத்தில் ஊர் ஊராகப் பேசப் போனபோது ஒரு பூவேலைத் துணியை எடுத்துப் போவாள். முதலில் பின்பக்கத்தைக் காட்டுவாள், முடிச்சும் சிக்கலுமாக இருக்கும். திருப்பினால் ஒரு கிரீடம். நம் வாழ்க்கையை நாம் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பாள்.

எங்கள் தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புட்டா போட்ட சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் பின்பக்கம் ஜரிகை இழைகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் இந்த உவமையை அளந்துதான் பிடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அக்காவை முகாமில் இழந்த கோரி தன் துக்கத்தைப் பற்றி இதைச் சொல்லலாம். கொல்லப்பட்ட குழந்தைகளைக் குறித்து நான் சொல்லக் கூடாது. அவர்களுடைய சாவை எந்த அழகான சித்திரத்துக்கும் நான் இழையாக்க மாட்டேன். அது தேவன் நெய்தது அல்ல, மனிதர்கள் அறுத்தது.

நேற்று எதிர்வீட்டு அக்கா புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, சேர்த்து ஒரு திருகு. ஆயிரக்கணக்கான இழை. ஒன்றைக்கூட விட முடியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

9

கதவைத் திறப்பாயா என்ற அந்தக் கேள்வி தமிழர் வாழ்க்கையிலும் வந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, பல சிங்களரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பக்கத்து வீட்டுத் தமிழரைத் தங்கள் அறைகளில் ஒளித்துவைத்தார்கள். வாசலில் வந்து நின்ற கும்பலிடம் இங்கே யாரும் இல்லை என்றார்கள். குருநாகல் ஆங்கிலிக்க ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அப்போது வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்து பாதிக்கப்பட்டவர்களைப் போய்ப் பார்த்தார். சிங்களரான அவர், தம் இனத்தார் செய்ததற்காக வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் சபையிடமே பேசினார். அந்த அக்டோபரில் மறைந்தார்.

ஸ்கடர் குடும்பம் எந்தத் தீவிலிருந்து இங்கே வந்ததோ, அந்தத் தீவிலிருந்து பிறகு படகுகளில் தமிழர் அகதிகளாக வந்தார்கள். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

10

அந்தக் காலத்தில் அந்த ஊரில் இருந்திருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேனா என்று கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் கிடைக்காது. இன்றைக்கு நம் கதவைத் தட்டக்கூடியவர் யார் என்பதற்குப் பதில் கிடைக்கும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, சொந்தக்காரர்களுக்குப் பயந்து இரவில் ஓடிவரும் இரண்டு பிள்ளைகள் தட்டலாம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் வெட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களை உள்ளே விடுகிற வீட்டுக்கும் ஆபத்து உண்டு. சபைக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதால் நம் கை தயங்கும்.

தட்டுகிற நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும். வில்லெம் டென் பூம் செய்தது அதுதான்; ஆபத்தில்லாத காலத்தில் தொடங்கினார். வருகிற வாரம் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில், முகாமில் இருப்பவர்களுக்காகவும் அப்படி ஓடிவரும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஒரு வாரத்தோடு விட்டுவிடக் கூடாது என்றும் கேட்பேன். யாருக்காக வாராவாரம் ஜெபிக்கிறோமோ அவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்துவது கடினம். அந்தக் கடினத்தை இப்போதே நமக்கு உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.