மரம் நட்டவர் கணக்கு

மரம் நடுதல் புண்ணியம் என்பதில் இந்நாட்டில் இரண்டாவது அபிப்பிராயம் இருந்ததில்லை. சாலையோரங்களில் ஆலமரங்களை நடுவித்ததை அசோகன் தன் கல்தூணில் பொறித்து வைத்த காலந்தொட்டு, பள்ளிக்கூட விழாவில் கன்றொன்றை ஊன்றி நீர் வார்க்கும் இந்நாள் வரை, அச்செயலின் நன்மையை நிரூபிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் நேர்ந்ததில்லை. எவருடைய ஆட்சேபத்துக்கும் ஆளாகாத தர்மத்தையே முதலில் உரைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நீலகிரியைக் காட்டிலும் தகுந்த உரைகல் கிடைப்பது அரிது.

கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் அம்மலைமேல் ஏறியபோது கண்டது, பள்ளத்தாக்கின் மடிப்புகளில் மட்டும் சோலைகள் அடர்ந்து, சரிவெங்கும் புல் விரிந்து கிடந்த மேட்டுநிலம். காடு அழிந்தபின் எஞ்சிய பொட்டலன்று அது. குளிர்கால இரவுகளில் திறந்த சரிவில் இறங்கும் உறைபனி, சோலைமரக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ தாங்கி நிற்கும். சாண்டிநல்லாச் சதுப்பின் கரிமண் படிவுகளை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததற்குச் சான்று கண்டிருக்கிறார்கள். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடி பூப்பதும், வரையாடு மேய்வதும், தோடர்களின் எருமைகள் திரிந்ததும் அப்புல்வெளியில்தான். ஆயினும், விறகும் விளைச்சலும் தராத அந்நிலம், ஆள வந்தோர் கண்ணுக்கு வெறுமையாகவே தோன்றிற்று.

நட்டவர்களைத் தீயவர் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. உதகையிலும் வெல்லிங்டன் படைவீடுகளிலும் குடியேறியவர்களின் அடுப்புக்குச் சோலைகள் விறகாகிக் கொண்டிருந்தன. சோலை பிழைக்க வேண்டுமாயின் விரைந்து வளரும் வேற்று மரம் வேண்டும் என்று கருதியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும், சமவெளியார் தைல மரம் என்றும் மலைவாசிகள் கற்பூர மரம் என்றும் சொல்லும் யூகலிப்டஸையும் கொணர்ந்தனர். காட்டைக் காக்கும் சங்கற்பமே புல்லைக் கொன்றது என்பது இக்கதையின் விபரீதம். சுதந்திரத்துக்குப் பின்னரோ காரணம் வேறு: தோல் பதனிடச் சீகைப்பட்டையும், அடிவாரத்துச் சிறுமுகையில் எழுந்த செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழும் வேண்டியிருந்தன, ஐந்தாண்டுத் திட்டங்களின் உற்சாகத்தில் எஞ்சிய சரிவுகளிலும் தோப்புகள் ஏறின.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் ஓடையாக மெல்லக் கசியவிடுவது அப்புல்வெளியின் இயல்பு. கற்பூர மரம் அந்நீரில் ஒரு பங்கை வேரால் இழுத்து இலைவழியே காற்றில் விட்டுவிடுகிறது. கிளென்மார்கன் பகுதியில் மண், நீர் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் அளந்ததில், புல்வெளி தோப்பாக மாறிய ஓடைப்படுகையின் நீர்வரத்து, நட்ட முதற் சுற்றிலேயே சுமார் 16 விழுக்காடு குறைந்தது. 1932 முதல் கோவை ஆலைகளை ஓட்டிய பைக்காரா மின்சாரமும், பவானிப் பாசனமும் அம்மலைநீரின் பிரயோஜனங்களே என்பதை நினைத்தால், இது மலைவாசிகளுக்கு மட்டும் நேர்ந்த நஷ்டமன்று. அவர்களுக்கென்று தனியே நேர்ந்த நஷ்டமும் உண்டு: தங்கள் கோயிற் குடில்களுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல்லைத் தேடி இன்று தோடர்கள் வெகுதூரம் அலைகிறார்கள்.

அறியாமல் செய்தது குற்றமாகாது என்பர். கேட்டறிய ஒருவருமில்லாத இடத்தில் அவ்வாதம் செல்லும். எந்தச் சதுப்பு எந்த ஓடையை ஊட்டுகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தவர்கள் அறியாதிருந்திருக்க முடியாது. அவர்கள் அருகிலேயே இருந்தும், அவர்களைக் கேளாமலே அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில் ஓர் உபகாரம் செய்யப்பட்டது. இந்த இடத்தில் நல்லெண்ணம் ஒருவரைப் பாதியளவே விடுவிக்கும். சோலைக்காக வருந்தி நட்டவருக்கு அந்தப் பாதி மன்னிப்பைத் தாராளமாகவே அளிக்கலாம். நூறாண்டு விளைவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மரக்கூழுக்காக நட்டவருக்கு அளிப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

இனிப் பரிகாரம். அந்நிய மரங்களை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வெட்டும் ஆர்வத்துக்கும் குறைவில்லை, நடும் ஆர்வத்துக்கு அன்று குறைவில்லாதது போலவே. சீகையின் விதை மண்ணுள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மரத்தைச் சாய்த்துத் தீ வைத்தால் அத்தனையும் விழித்தெழும். சில சரிவுகளில் அச்சீகை நிழலே உறைபனியைத் தடுத்து, சோலைக் கன்றுகளை வளர்க்கவும் செய்கிறது. ஆகவே ஓரிடத்தில் வெட்டுவதும், இன்னோரிடத்தில் பொறுத்திருப்பதும், வெட்டிய இடத்திலும் ஆண்டுதோறும் முளைகளைப் பிடுங்குவதும் ஆகிய புகழில்லாத உழைப்பை ஏற்க மனமில்லாதவர், கோடரியைத் தொடாதிருப்பதே மேல்.

செலவு யாருடையது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. தோல் வியாபாரமும் ஆலைகளும் பெற்ற லாபத்தில் பங்கேதும் பெறாத தேயிலைத் தோட்டத்துப் பெண், இன்று தன் அடுப்புக்குச் சீகை விறகையே நம்பியிருக்கிறாள். தோப்பு மறையும்போது முதலில் அணைவது அவளுடைய அடுப்பு. அவள் தலைச்சுமையைத் தடுக்கும் உத்தரவுக்கு முன்னால் எரிவாயு உருளை அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஒருமுறையன்று, தீருந்தோறும் அவளால் வாங்கத்தக்க விலையில் வர வேண்டும். அதற்காகும் பணத்தை, அம்மலைநீரால் விளக்கெரித்து வயல் விளைவித்த சமவெளியிடம் கேட்பதில் அநியாயம் ஏதுமில்லை.