இரவல் பொருளும் இறைவன் தந்த ஓடும்



நமது ஆலயத்துக்கு வரும் இளைஞர்கள் சிலர் அண்மையில் ஒரு யோசனையைச் சொன்னார்கள். அடியார்கள் தத்தம் வீட்டிலுள்ள பொருட்களை இணையத்தில் பட்டியலிட்டு, ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்க ஒரு சேவையைத் தொடங்கலாமா என்பது அவர்கள் கேள்வி. பெரியவர்கள் சிலர் தயங்கினார்கள். "கொடுத்தால் திரும்பி வராது, கேட்டால் பகை வரும்" என்றார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகவே இம்முறை இதையே நாம் சிந்திப்போம்.

ஊரிலே இரவல் என்பது அன்றாடச் சொல். இடியப்ப உரல், ஏணி, அலவாங்கு எல்லாம் வேலிப் பொட்டுக்குள்ளால் போய் வரும். திடீரென விருந்தினர் வந்தால் ஒரு கொத்து அரிசியும் அவ்வழியே வரும். இங்கு வந்தபின் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டோம். சுவரில் துளையிடும் இயந்திரம் ஒவ்வொரு வீட்டின் நிலக்கீழ் அறையிலும் தூங்குகின்றது. பொருள் பெருகியது, கதவைத் தட்டும் பழக்கம் குறைந்தது.

இக்குறையை ஜேர்மனியர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரில், நண்பர்கள் தம்மிடமுள்ள பொருட்களைக் கைத்தொலைபேசி வழியே இரவல் கொடுக்க 'வை ஓன் இற்' என்றொரு சேவை தொடங்கியது. 'ஏன் சொந்தமாக வைத்திருக்க வேண்டும்?' என்பது அப்பெயரின் பொருள். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதே ஆண்டில் பேர்லினில் தொடங்கிய 'லைலா' என்ற இரவல் கடையில், சேருபவர் தம் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. முதலில் கொடு, பிறகு எடு என்பதே அதன் கருத்து. 2015இல் தொடங்கிய 'நேபன் ஆன்' என்ற அயலவர் இணையத்தளம், ஒருவர் உண்மையில் அந்தப் பகுதியில்தான் வசிக்கிறாரா என்று முகவரியைச் சரிபார்த்த பின்பே சேர்க்கின்றது. ஆக, பட்டியல் போடுவதைக் கருவி செய்யும். நம்பிக்கையை மனிதர்தான் வளர்க்க வேண்டும்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தார்கள். அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பதற்குக் 'குறியெதிர்ப்பை' என்று பெயர் வைத்தார்கள். வள்ளுவர் ஈகையைச் சொல்லத் தொடங்குகையில் அதிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுகிறார். புறநானூற்றின் 163ஆம் பாடலில், குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்கிறார். அப்படிக் கொடுக்கப்பட வேண்டியவர்களில், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. கை நிறைந்த நாளில் முன்பு உதவிய வீட்டை நினைத்தாரே, அதுவல்லவா பண்பு!

அரிசியில் அதே அளவு போதும். இரவலில் அதே பொருள் திரும்ப வேண்டும். அந்தப் பொருளே கெட்டுவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் திருநீலகண்ட நாயனார் நமக்கு வழிகாட்டுகிறார்.

தில்லையிலே குயவர் குலத்தில் பிறந்த அவ்வடியாரிடம், சிவயோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். அது இரவல் அல்ல, அடைக்கலப் பொருள். ஆனாலும் பிறர் பொருள் பிறர் பொருள்தானே! பின்பு இறைவனே அதனை மறைத்து, வந்து கேட்டார். நாயனார் தேடிக் களைத்தார். ஆனால் ஒளிந்துகொள்ளவில்லை. "காணவில்லை, வேறு நல்ல ஓடு தருகிறேன்" என்று நேரே சொன்னார். யோகியோ பொன்னால் செய்து தந்தாலும் வேண்டாம், நான் தந்ததே வேண்டும் என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் முன் சென்றது. மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யச் சொன்னபோது, அவரைத் தீண்டுவதில்லை என்று இளமையில் ஏற்ற விரதத்தை, இத்தனை காலம் எவரும் அறியாததை, ஊரார் கேட்கச் சொன்னார். ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளையும் பற்றி இருவரும் மூழ்கினர், இளமையோடு எழுந்தனர். ஓடு தொலைந்தது, உண்மை தொலையவில்லை. இறைவன் வந்தது ஓட்டுக்காகவா? அந்த உண்மைக்காக அல்லவா!

இனி நம் வீட்டுச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தினர் அந்தியேட்டிக்காக ஆலயத்துக் கிடாரத்தை எடுத்துச் சென்றார்கள். அடி பிடித்து, ஒரு பக்கக் கைபிடியும் கழன்றுவிட்டது. வெட்கத்தினால் அவர்கள் சொல்லவில்லை. நம்மில் ஒருவர் பலர் முன்னிலையில் அதனைக் கேட்டுவிட்டார். அடுத்த திருவிழாவுக்கு அவர்கள் வரவில்லை, இன்றும் வரவில்லை. கிடாரம் இன்னொன்று வாங்கினோம். அக்குடும்பத்தை எந்தக் கடையில் வாங்குவது? அவர்கள் சொல்லாதது சிறு பிழை. துக்க வீட்டாரைச் சபையில் கேட்டது நம் பெரும் பிழை.

1900ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஜேர்மன் குடியியல் சட்டமும் இரவலுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கின்றது. இரவலுக்குக் கூலி இல்லை. கொடுத்தவர் அனுமதியின்றி மூன்றாம் ஆளிடம் பொருளைக் கொடுக்கலாகாது. குறித்த காலத்தில் திருப்ப வேண்டும். ஆனால் முறையாகப் பாவித்ததால் வரும் தேய்மானத்துக்கு வாங்கியவர் பொறுப்பாளி அல்லர். கொடுப்பவர் இந்த நாலாவதை மறக்கக் கூடாது. வாங்குபவர் முதல் மூன்றையும் மறக்கக் கூடாது.

எனவே இளைஞர்களே, தாராளமாகத் தொடங்குங்கள். பெரியவர்களே, முதற் பொருளை நீங்கள் கொடுங்கள். வாங்குபவர் திகதி சொல்லி வாங்கட்டும், துடைத்துத் திருப்பட்டும், உடைந்தால் அன்றே சொல்லட்டும். கொடுத்தவர் தனியே, அன்பாகக் கேட்கட்டும்.

ஆலயத்துப் பொருள் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது கொண்டுவந்து வையுங்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம். அந்தக் குடும்பத்தாரிடம் நாமே வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க இருக்கிறோம். இதனை முன்னரே வாசிப்பீர்களாயின், கிடாரம் வேண்டாம், நீங்கள் வாருங்கள்.

எல்லோருக்கும் அம்பாளின் திருவருள் கிட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்.